பலகையில் ஒரு சாவி வடிவம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே தம்பியோடு வாய்த் தகராறு. புது டெஸ்டரைக் காணோமாம், அதற்கு நான்தான் காரணமாம். கடையில் எது தொலைந்தாலும் பழி எனக்கு, எது கிடைத்தாலும் பெருமை அவனுக்கு. இருவரும் உரிமம் வாங்கிய எலக்ட்ரீஷியன்கள்தான், ஒரே கடைதான். ஆனால் பெயர்ப்பலகையில் என் பெயர் மேலே இருப்பது அவனுக்கு இத்தனை வருடம் ஆகியும் செரிக்கவில்லை. டெஸ்டர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

மத்தியானம் பெண்கள் சிறையில் நான் நடத்தும் மின்வேலை வகுப்பு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். சரி, வரிசையாக வருகிறேன்.

சலவைக்கூடத்தில் பழைய வயர் மாற்றும் வேலை. மாணவிகள் மூன்று பேர். மெயின் சுவிட்சை இறக்கி, ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். "உன் பூட்டு, உன் சாவி, உன் உயிர்" என்று முதல் வகுப்பிலேயே தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நான். வேலை செய்கிறவள் தன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை முடித்து வெளியே வந்து தானே திறக்க வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் மேலே ஏறும். இது தொழில் விதி. கைதி கையில் எந்தச் சாவியும் இருக்கக் கூடாது என்பது சிறை விதி. அதனால் பூட்டுவது அவர்கள், சாவி இருப்பது என் ஏப்ரன் பையில். வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. உரிம வாரியமும் கண்டும் காணாமல் இருக்கிறது.

இரண்டு பேர் வெளியே வந்தார்கள். நேரமாகிவிட்டது என்று காவலர் அவசரப்படுத்தினார். மூன்று பூட்டையும் நானே கழற்றினேன். சுவிட்சில் கையும் வைத்துவிட்டேன். அப்போது ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா, நெட்டை எங்க?"

மூன்றாவது மாணவி நெட்டை, பெரிய சலவை இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து, வெறும் கையால் வயர் முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நானா? நான் போயா இப்படி? மற்றவன் செய்திருந்தால் காது கிழியத் திட்டியிருப்பேனே. சுவிட்சில் இருந்த அதே கைதான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று கணவரிடம் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சிறைக் கண்காணிப்பாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே சொன்னேன். பூசி மெழுகவில்லை.

"இனிமே சாவி அவங்ககிட்டதான் இருக்கணும் மேடம். இல்லைன்னா நான் வேலை செய்ய விடமாட்டேன்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. வகுப்பை ஆரம்பிக்க மேலிடத்தில் அலைந்து அனுமதி வாங்கியவரே அவர்தான். ஆனால் சாவி என்றதும் முகம் மாறியது. "சோப்புல அச்சு எடுத்து, ஸ்பூனைத் தேய்ச்சே சாவி பண்ணினவங்களை நான் பாத்திருக்கேன். நீங்க பாத்திருக்க மாட்டீங்க." என்றார்.

அத்தோடு முடியவில்லை. மேசையிலிருந்து இரண்டு கட்டுக் காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். சட்டமன்றத்தில் இந்தக் கூட்டத்தொடரில் வரப்போகும் இரண்டு மசோதாக்கள். "படிச்சிட்டு வாங்க. ரெண்டும் இப்படியே சட்டமாச்சுன்னா வகுப்பை மூடறதைத் தவிர எனக்கு வழி இல்லை."

மார்ச் 8, சனி

படித்தேன். இரண்டு முறை.

ஒன்று, தொழில் உரிமத் தண்டனை மசோதா. வேலை செய்கிறவரின் சாவி வேறு ஒருவரிடம் இருந்தால், மேற்பார்வை பார்த்தவரின் உரிமம் ரத்து. சிறைத் தண்டனையும் உண்டு. அப்படிச் செய்த வேலை உரிமத் தேர்வு எழுதத் தேவையான வேலை மணிநேரக் கணக்கில் சேராது. இன்னொன்று, சிறைப் பணிகள் மசோதா. கைதியின் கையில் எந்தச் சாவியைக் கொடுத்தாலும், கொடுத்த அதிகாரிக்குத் தண்டனை.

ஆக, நெட்டையின் சாவி என்னிடம் இருந்தால் நான் உள்ளே. நெட்டையிடம் இருந்தால் கண்காணிப்பாளர் அம்மா உள்ளே. இதை இவரிடம் சொன்னேன். இவர் பேருந்து ஓட்டுகிறவர். எதிரில் லாரி வந்தாலும் பதறாத ஆள். "பக்கத்துப் பக்கத்து அறையா கேட்டு வாங்கிக்கோங்க, பேச்சுத்துணைக்கு ஆகும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

இதில் எனக்கு வேதனை என்னவென்றால், முதல் மசோதா வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவளே நான். இப்போதும் வேண்டும் என்றுதான் சொல்வேன். தண்டனை கூடட்டும். இன்னும் கூடட்டும். அண்ணன் துணிக்கடைக் கட்டடத்தில் ஏணிமேல் நின்றபோது அவன் பூட்டின் சாவி மேஸ்திரி பையில் இருந்தது. மேஸ்திரியும் நல்ல மனிதர்தான். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து சுவிட்சைப் போட்டார், அண்ணன் போய்விட்டான். நான் நினைத்த மாதிரியேதான் அவரும் நினைத்திருப்பார்.

அதனால் மசோதாவை எதிர்க்க மாட்டேன். வகுப்பையும் விட மாட்டேன். இரண்டும் எப்படி நடக்கும் என்று தெரியவில்லை, ஆனால் நடத்திக்காட்டாமல் ஓயமாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மாணவிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? இப்போதைக்கு மின்சாரம் இல்லாத பயிற்சிப் பலகையில் மட்டும்தான் வேலை என்றதும் எல்லார் முகமும் விழுந்துவிட்டது.

நெட்டை மட்டும் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எப்போதும் கேலி பேசுகிறவள். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. ஏணியில் ஒரு படி மிச்சம் பிடிப்பாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவள் ஏன் உள்ளே வந்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஜூலைக் கடைசியில் விடுதலை. அதற்கு முன்பு தேர்வு. மணிநேரக் கணக்கில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வகுப்பு முடிந்து போகும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, வெளியில போனா வீடு பெருக்கற வேலைக்குக்கூட, இதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு கேப்பாங்க. உரிமம் இருந்தா நம்பரை மட்டும்தான் பாப்பாங்க. அந்த நம்பர் எனக்கு வேணும்க்கா."

"கிடைக்கும்" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க."

"நான் எப்பவாவது சும்மா சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்லை. அதான் பயமா இருக்கு" என்றாள். அன்று சலவைக்கூடத்தில் நடந்ததை அவளிடம் நான் சொன்னபோதும் கோபப்படவில்லை. "இனிமே என்னைக் கேட்டுட்டு சுவிட்ச் போடுங்க" என்று மட்டும்தான் சொன்னாள். அது எனக்கு உறைத்த அளவுக்கு எந்தத் திட்டும் உறைத்ததில்லை.

மார்ச் 14, வெள்ளி

பொதுமக்கள் கருத்துச் சொல்ல 19ஆம் தேதி சட்டமன்றக் குழு கூடுகிறது. பெயர் கொடுத்துவிட்டேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது, மனது மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறது. சட்டமன்றத்தில் என்னைப் பந்தாடிவிட்டார்கள்.

காண்பிப்பதற்காக ஒரு பூட்டையும் சாவியையும் கைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். வாசலிலேயே காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு டோக்கன் கொடுத்தார், போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். முதல் கோணலே இதுவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

நீளமான நடைபாதை. எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்றில் உரிம மசோதாக் குழு, மற்றதில் சிறை மசோதாக் குழு, இரண்டும் ஒரே நேரத்தில். உரிம அறையில் என் முறை வந்தது. சிறை என்ற சொல்லை எடுத்ததும் தலைவர் கையைத் தூக்கினார். "அம்மா, இது எதிர் அறையில சொல்ல வேண்டியது." எதிர் அறைக்குப் போய்க் காத்திருந்து பேச ஆரம்பித்தால், "பூட்டு, மின்சாரம் எல்லாம் உரிமத்துக்காரங்க விஷயம், அந்த அறைக்குப் போங்க" என்கிறார்கள். திரும்ப வந்தேன். எழுத்தர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏற்கெனவே பேசியாச்சு" என்றார். என்ன பேசினேன்? வணக்கம் சொன்னேன், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார நாற்காலி இல்லை, தரையில்தான். வெள்ளைத் தலையும் சட்டைப் பை நிறையப் பேனாவுமாக ஒரு உறுப்பினர் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். இரண்டு குழுவிலும் இருப்பவர் அவர் ஒருவர்தானாம். மூன்றாவது தடவை என்னைத் தாண்டும்போது நின்றார்.

"ஏம்மா கீழ உக்காந்திருக்கீங்க?"

"ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கற இடம் இதுதான் சார். என் விஷயமும் இங்கதான் இருக்கு" என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று முழுதும் கேட்டார். அரசியலுக்கு வரும் முன்பு கால்நடை டாக்டராம். "மாட்டுக்கு ஊசி போடும்போது கயித்தை நானே கையில சுத்திக்குவேன். எவ்வளவு பழகின ஆளா இருந்தாலும் கயித்தைக் குடுக்க மாட்டேன். உதைபடப்போறது நான்தானே" என்றார். புரிந்துகொண்டுவிட்டார் என்று எனக்கு உடனே தெரிந்தது.

அவர் போய் என்ன சொன்னாரோ, உரிம அறையில் மறுபடி என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கையில் எடுத்தேன், கண்ணாடியை வீட்டிலேயே விட்டிருந்தேன். கண்காணிப்பாளர் அம்மா வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அதனால் மனதில் வந்ததைப் பேசினேன். ஏறக்குறைய இப்படி:

"இந்த மசோதாவை நான் ஆதரிக்கறேன். தண்டனையை ஒரு நாள்கூடக் குறைக்காதீங்க. இது சட்டமானா முதல்ல மாட்டப்போறது நான்தான். என் மாணவிங்க சாவி என்கிட்டதான் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, உள்ள ஒருத்தி இருக்கும்போதே அவ பூட்டைக் கழட்டி சுவிட்ச்ல கை வெச்சிட்டேன். அவ இன்னைக்கு உயிரோட இருக்கறது என் திறமையால இல்லை. எதிர் அறையில, அவ கையில சாவி குடுத்தா தண்டனைன்னு எழுதிக்கிட்டு இருக்காங்க. இந்த அறையில, குடுக்கலைன்னா தண்டனைன்னு எழுதறீங்க. நடுவுல ஒரு பொண்ணு வயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. வாசல்ல என் பூட்டையும் சாவியையும் வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுத்திருக்காங்க. போகும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவாங்க. சாவியைக் குடுத்து வாங்கற வழி உங்களுக்கே தெரியுது. அதை உள்ளேயும் செய்ய விடுங்க."

டோக்கன் விஷயம் பேசும்போதுதான் தோன்றியது. யாரும் கை தட்டவில்லை. தலைவர் நன்றி என்றார். பின்வரிசையில் உரிம வாரியத்து அதிகாரி ஒருவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று ஊகிக்க எனக்குச் சாமர்த்தியம் தேவையில்லை.

மார்ச் 20, வியாழன்

செய்தித்தாளில் வந்துவிட்டது. 'கைதிகளுக்குச் சாவி கேட்ட பெண்'. தம்பி கடையில் அதை என் முன்னால் விரித்துப் போட்டான்.

"சுவிட்ச்ல கை வெச்சதை யார் கேட்டா? நீயா வாயைக் குடுத்து மாட்டிக்கிட்ட. உரிமம் போச்சுன்னா கடை போச்சு. யாருக்காக? எவளோ ஒரு—"

"சொல்லி முடி பாக்கலாம். எவளோ ஒரு என்ன?"

அவன் வயர்க் கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மத்தியானம் வரை இருவரும் பேசவில்லை. மூன்று வாடிக்கையாளர்கள் வந்தார்கள், மூவரும் நடுவில் நின்று தவித்தார்கள்.

மார்ச் 28, வெள்ளி

கால்நடை டாக்டர் இன்னும் இரண்டு உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு சிறைக்கு வந்தார். வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தார்கள். மற்ற இருவரில் ஒருவர் மாணவிகளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நெட்டைக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

டாக்டர் கருவிப் பலகை முன்னால் நின்றுவிட்டார். அது ஒன்றும் அதிசயம் இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவியும் மாட்டும் இடத்தில் அதே வடிவத்தைக் கறுப்பில் வரைந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் எல்லாக் கறுப்பும் மறைந்தாக வேண்டும். எங்காவது கறுப்புத் தெரிந்தால் யாரும் அறையை விட்டு நகர முடியாது. ஒருமுறை சின்ன கட்டிங் பிளேயர் என் பையிலேயே இருந்து, அத்தனை பேரும் என்னால் காத்துக்கிடந்தார்கள்.

"இதெல்லாம் அவங்க கையில குடுக்கறீங்களா?" என்றார் டாக்டர், ஸ்குரூடிரைவர் வரிசையைக் காட்டி.

"கணக்கு வெச்சுக் குடுக்கறோம் சார்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தேன், அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

அவர்கள் போன பிறகு கண்காணிப்பாளர் அம்மா பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம், "உங்க பூட்டுச் சாவி வேற எதையாவது திறக்குமா?" என்று கேட்டார்.

"அந்தப் பூட்டைத் தவிர எதையும் திறக்காது. தலைப்பக்கம் பெருசா சிவப்பு பிளாஸ்டிக் வெச்சதா வாங்கிடலாம். சோப்புல அழுத்த நேரம் கிடைக்காது, வகுப்புல நானும் காவலரும் இருக்கோம்."

அவர் என் பென்சிலை வாங்கினார். ஸ்குரூடிரைவர்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு சாவி வடிவம் வரைந்தார். சுமாராகத்தான் வந்தது, கரண்டி மாதிரி இருந்தது. "பென்சில்தான். சட்டம் விடலைன்னா அழிச்சிடுவேன்" என்றார். சட்டமன்றத்தில் கேட்டால் இதையே சொல்வதாகவும் சொன்னார். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வரைந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

வாரியத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. சலவைக்கூடச் சம்பவத்துக்காக என் உரிமம் இரண்டு மாதம் நிறுத்திவைப்பு. வயரைத் தொடக் கூடாது, மேற்பார்வையும் கூடாது.

நான் கேட்ட தண்டனைதானே. எனக்கு மட்டும் வேண்டாம் என்றா கேட்க முடியும்? இப்படியெல்லாம் எழுதிவிட்டேன், ஆனால் உத்தரவைப் படித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் கதவுக்கு வெளியே நின்று, "பஸ்ல கண்டக்டர் வேலை காலியா இருக்கு, சில்லறை சரியா குடுப்பியா?" என்று கேட்டார். அழுதுகொண்டே சிரித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மேற்பார்வைக்கு உரிமம் உள்ள ஆள் இல்லாவிட்டால் வகுப்பு நிற்கும். சட்டம் சாதகமாக வந்தாலும் நெட்டைக்கு மணிநேரம் சேராது. எனக்குத் தெரிந்த உரிமக்காரர்கள் எல்லாரிடமும் போனில் கேட்டேன். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கல்யாண வேலை, ஒருவர் நேராகவே "ஜெயிலா? ஆளை விடுங்க" என்றார்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவனிடம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

கேட்டேன். எதிர்பார்த்த எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அண்ணன் சாவி அன்னைக்கு யார் பையில இருந்தது?"

அவன் கையிலிருந்த வயர்ச் சுருளைக் கீழே வைத்தான். அண்ணனைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பிறகு, "என்னென்னைக்கு வகுப்பு?" என்று கேட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் முழுதும் கேட்டேன். தம்பியும் வந்தான், கடையைச் சாத்திவிட்டு வந்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் மறுப்பான்.

உரிமத் தண்டனை மசோதா பெரிய எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. ஒரு நாள்கூடக் குறையவில்லை. சிறை மசோதாவுக்குத்தான் சத்தம். கால்நடை டாக்டர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பயிற்சிக்கூடத்தில் கருவிப் பலகையில் மாட்டி, கணக்கு வைத்துக் கொடுத்து வாங்கும் பாதுகாப்புப் பூட்டின் சாவிக்கு அந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது.

அன்று சிறையில் பிடிக்காத பார்வை பார்த்தவர் எழுந்தார். "இன்னைக்கு இந்தச் சாவி கேப்பாங்க, நாளைக்கு வாசல் சாவி கேப்பாங்க" என்றார். சபை சிரித்தது. நெட்டை இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். தம்பி என் பக்கத்தில், "யார்டா இவன்" என்று முனகினான். பக்கத்திலிருந்த காவலர் உஷ் என்றார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "வாசல் கதவையே கழட்டக்கூடிய ஸ்குரூடிரைவரை ஏற்கெனவே கணக்கு வெச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கோம். இந்தச் சாவியால ஒரு அலமாரியைக்கூடத் திறக்க முடியாது. இது ஒரே ஒரு வேலை செய்யும். ஒரு உயிர் உள்ள இருக்கும்போது வெளியில இருக்கறவன் சுவிட்ச் போடாம தடுக்கும். இதுக்குச் சிறை நிர்வாகமே சம்மதிச்சிருக்கு." கண்காணிப்பாளர் அம்மா எழுதிக்கொடுத்ததைப் படித்துக் காட்டினார்.

குரல் வாக்கெடுப்பில் ஆம், இல்லை இரண்டும் ஒரே சத்தமாக இருந்தது. எண்ணச் சொன்னார் சபாநாயகர். மணி அடித்தது, வெளியே டீ குடிக்கப் போனவர்கள் ஓடிவந்தார்கள், கதவுகளைச் சாத்தினார்கள். என்ன விஷயம் என்றே தெரியாமல் எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான். போகட்டும், எழுந்து நின்றார்கள்.

திருத்தம் நிறைவேறியது. தம்பி என் கையை இறுகப் பிடித்திருந்தான், பிறகு அதைக் கவனித்துவிட்டு விட்டுவிட்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

கண்காணிப்பாளர் அம்மா போனில் சொன்னார்: "பெயின்ட் வாங்கிட்டேன்."

மே 6, செவ்வாய்

சட்டம் நடைமுறைக்கு வந்து முதல் வகுப்பு. எனக்கு அனுமதி இல்லை. கடையில் உட்கார்ந்து, தொடக் கூடாத சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"உன் ஆளுங்க யாருக்கும் மரியாதையே தெரியலை. நேரமாச்சு, சாவியைக் குடு, நான் கழட்டறேன்னு அந்த நெட்டைகிட்ட சொன்னேன். தர முடியாதுன்னுட்டா. நான் வாத்தியார். என்னைப் பாத்து, 'அக்கா இருந்திருந்தா இதைக் கேட்டிருக்கவே மாட்டாங்க'ன்னு சொல்றா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நின்னேன். அவ இறங்கி வந்து தானே திறந்தா. பஸ் போயிடுச்சு." மணிநேரச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னான். வேலை சுத்தமாக இருந்ததாம். இதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மே 9, வெள்ளி

தம்பி இத்தனை வருடமாக வேலைக்குப் பூட்டு எடுத்துப் போகாதவன். "நான் பாத்து செஞ்சுக்கறேன்" என்பான். இன்று அவன் பையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்தான். இருவரும் டெஸ்டர் விலையைப் பற்றிப் பேசினோம்.

ஜூன் 3, செவ்வாய்

உரிமம் திரும்பி வந்தது. அந்த அட்டையை இவர் துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைக்கப் போனார். பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று வகுப்பில் நான். தம்பியும் கூட வந்தான். கட்டிங் பிளேயரை மறந்துவிட்டானாம், எடுத்துப்போக வந்தானாம். எண்ணிக்கையில் வராத கருவி எதுவும் அங்கே தங்க முடியாது என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

வகுப்பு நடக்கும் பயிற்சிக்கூடத்தில் மேல்விளக்கு வயரிங் முழுதும் புதிதாக மாற்றுகிறார்கள். நெட்டை ஏணியின் உச்சியில். அந்த நேரம் பார்த்து கால்நடை டாக்டர் வந்தார், கூடவே இன்னும் நான்கைந்து உறுப்பினர்கள். சாவிக் கேலி செய்தவரும் அதில் இருந்தார். கண்காணிப்பாளர் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்து வந்தார். கூடத்தில் ஜன்னல் ஒன்றுதான், அதுவும் உயரத்தில். உள்ளே வந்தவர்கள் கண் பழகாமல் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"லைட்டைப் போடுங்க" என்றார் அந்தக் கேலிக்காரர்.

என் கை தானாக மெயின் சுவிட்ச் பக்கம் திரும்பியது. அதில் ஒரே ஒரு பூட்டுத் தொங்கியது. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். பலகையைப் பார்த்தேன். இப்போது மாணவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி வடிவம் இருக்கிறது, பெயின்டில். முதலில் வரைந்த கரண்டி மாதிரியான அதையும் அழிக்காமல் அப்படியே கறுப்பாக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்று மட்டும் காலியாக, கறுப்பாகத் தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"இன்னும் ஒரு முடிச்சு இருக்குக்கா. இருங்க" என்றாள்.

"கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டுமே. யார்கிட்ட இருக்கு சாவி?" என்றார் கேலிக்காரர்.

கண்காணிப்பாளர் அம்மா இடுப்பில் அந்தச் சிறையின் அத்தனை கதவுக்கும் சாவி இருந்தது, இதற்கு இல்லை. காவலரிடம் இல்லை. என் ஏப்ரன் பை காலி. டாக்டர் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார், அன்று நடைபாதையில் நின்ற மாதிரியே. தம்பி அந்தக் கேலிக்காரரிடம் போய் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அவங்ககிட்டதான் சார் இருக்கு. அவங்க இறங்கற வரைக்கும் நாம நிக்கணும். அதுதான் சட்டம்."

நின்றோம். சட்டம் போட்டவர்களும், சிறையை நடத்துகிறவரும், நானும், தம்பியும் அரையிருட்டில் வரிசையாக அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். மேலே அவள் அவசரப்படவே இல்லை. ஒரு இணைப்பை இழுத்துப் பார்த்தாள், டேப் சுற்றினாள், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்தது ஒரு தடவைதான்.

பிறகு படிப்படியாக இறங்கி வந்தாள். கழுத்திலிருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டைத் தானே திறந்தாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள். எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

விளக்குகள் எரிந்தன. முதல் வரிசை முழுதும், பிறகு பின்வரிசை. அவள் நேரே போய்ச் சாவியைப் பலகையில் மாட்டினாள், கறுப்பு மறைந்ததா என்று பார்த்தாள், அதற்கப்புறம்தான் திரும்பி வந்து வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

இன்றோடு அவள் மணிநேரம் முடிந்தது. சான்றில் நான் கையெழுத்துப் போட்டேன். தேர்வு அடுத்த மாதம்.